பட்டா ஒன்று சொல்லும், பத்திரம் ஒன்று சொல்லும்

"பட்டா பேர்ல இருக்கு, பத்திரம் கையில இருக்கு, ஈ.சி. போட்டா ஒரு வில்லங்கமும் இல்ல. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?" மனை பார்க்கப் போகிறவர்கள் தரகரிடம் தவறாமல் கேட்கும் வசனம் இது. அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். அப்படியிருந்தும் அந்த நிலம் விற்பவருக்குச் சொந்தமில்லாமல் போகலாம். 'இந்த நிலத்துக்கு இன்னார்தான் உரிமையாளர், இதற்கு அரசு பொறுப்பு' என்று சொல்லும் தாள் தமிழ்நாட்டின் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. கிடைப்பவை எல்லாம் தனித்தனிக் கேள்விகளுக்கான பதில்கள். எது எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரியாமல் வாங்கும் இடத்தில்தான் வழக்குகள் முளைக்கின்றன.

பத்திரம் பதிவாகிவிட்டால் கவலை தீர்ந்தது என்ற நம்பிக்கை ஆழமானது. அதைக் கலைத்துப் போடும் தீர்ப்பு ஒன்று 2025 ஏப்ரல் 7 அன்று வந்தது. தமிழ்நாட்டின் பதிவு விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட 55-ஏ என்ற விதி, முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு செய்ய முடியும் என்றது. கே. கோபி என்பவர் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அந்த விதி 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று நீக்கியது. நீதிமன்றம் சொன்ன காரணத்தை மனை வாங்குகிற ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ளலாம்: எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே அல்ல. உரியவர்கள் நேரில் வந்து ஒப்புக்கொண்டு, முத்திரைத் தீர்வையும் கட்டணமும் செலுத்தினால் அவர் பதிவு செய்ய வேண்டும். விற்றவரிடம் இருந்த உரிமை மட்டுமே வாங்கியவருக்கு வந்து சேரும். அவரிடம் ஒன்றுமில்லை என்றால் வருவதும் ஒன்றுமில்லை.

அதே ஆண்டு, அசல் பத்திரத்தைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவைச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. போலிகளின் வாசலை அது சற்று குறுக்கலாம். உரிமைக்கு உத்தரவாதம் ஆகிவிடாது. இங்கே ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பில் 30 லட்சம் ரூபாய் மனைக்கு அரசுக்குப் போவது 2,70,000 ரூபாய். இவ்வளவு பணம் வாங்கிக்கொள்ளும் அலுவலகம், விற்றவர் உண்மையான உரிமையாளரா என்று தனக்குத் தெரியாது என்கிறது. சட்டப்படி சரியாகத்தான் சொல்கிறது. நியாயமா என்பது வேறு கேள்வி.

இந்த நிலைமைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பாரமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில், கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். அவர்கள் அறிய விரும்பியது ஒன்றே: இந்த நிலத்துக்கு யாரிடம் வரி வசூலிப்பது? பட்டா அந்தக் கேள்வியின் குழந்தை. பத்திரப் பதிவோ 1860களில் தனித் துறையாக வந்தது. யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தார் என்பதைப் பதிந்து வைப்பது அதன் வேலை. ஒரே நிலத்தைப் பற்றி வருவாய்த்துறை ஒரு பதிவேடும் பதிவுத்துறை இன்னொரு பதிவேடும் ஒன்றரை நூற்றாண்டாக எழுதி வந்தன. ஒன்றில் மூன்று கை மாறிய நிலம், மற்றொன்றில் இன்னமும் தாத்தா பெயரில் இருப்பது இப்படித்தான். இப்போது 'தமிழ் நிலம்' மென்பொருளும் பதிவுத்துறையின் கணினியும் இணைக்கப்பட்டு, உட்பிரிவு தேவைப்படாத விற்பனைகளில் பட்டா தானாகவே மாறுகிறது. ஆனால் இணைப்புக்கு முன்னால் சேர்ந்த பிழைகள் கணினிக்குள் அப்படியே ஏறியிருக்கின்றன.

ஆகவே பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆவதில்லை. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றுவது உரிமையை உண்டாக்கவும் செய்யாது, அழிக்கவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சாவர்ணி வழக்கில் சொன்னது. பின்னர் பல தீர்ப்புகளில் அதையே திரும்பச் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பட்டாவை ஒதுக்கிவிடவும் முடியாது. பத்திரம் ஒருவர் பெயரில், பட்டா இன்னொருவர் பெயரில் என்றால் அங்கே ஒரு கதை இருக்கிறது என்று பொருள். அந்தக் கதை முழுதாகத் தெரியும்வரை பணம் கைமாறக் கூடாது.

அப்படிப்பட்ட கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றெழுத்துப் பெயர் உண்டு: யு.டி.ஆர். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தைத் தாலுகா அலுவலகங்களில் அப்படித்தான் அழைக்கிறார்கள். பழைய சர்வே எண்களை ஒழுங்குபடுத்தி, ஏக்கர்-சென்ட்டை ஹெக்டேர்-ஏர்ஸ் ஆக்கி, அனுபவத்தில் இருப்பவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. அவசரத்தில் அண்ணன் தம்பி நால்வரின் நிலம் ஊரில் இருந்த ஒருவர் பெயருக்குப் போனது. பட்டா நிலம் புறம்போக்கானது, புறம்போக்கு பட்டாவானது. வெளியூரில் வேலையில் இருந்தவர்கள் ஊருக்கு வந்தபோது தங்கள் பெயர் பதிவேட்டிலேயே இல்லை என்று கண்டார்கள். இந்தப் பிழைகளைத் திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கிறது. அத்தகைய மனுக்கள் இன்றும் வந்தபடி உள்ளன.

அதனால்தான் கிராமப்புற நிலம் வாங்குகிறவர்கள் இன்றைய பட்டாவோடு நின்றுவிடக் கூடாது. யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு, செட்டில்மென்ட் பதிவேடு, பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் கரலேஷன் பதிவேடு ஆகியவற்றின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். 1970இல் எழுதிய பத்திரத்தில் சர்வே எண் 84 என்றும் இன்றைய பட்டாவில் 112/3பி என்றும் இருந்தால், இரண்டும் ஒரே நிலம்தான் என்பதற்கு அந்தக் கரலேஷன் பதிவேட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

இனி பத்திரங்கள். விற்பவரின் கையில் இருப்பது அவர் வாங்கிய கிரயப் பத்திரம். அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது, அதற்கு முன்னவருக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போகும் சங்கிலிக்குத் தாய்ப்பத்திரம் அல்லது மூலப்பத்திரம் என்று பெயர். வழக்கறிஞர்கள் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 30 ஆண்டு பழைய ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்திருந்தால் அதன் கையெழுத்து உண்மையென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். காலவரையறைச் சட்டத்தில் தனியார் நிலத்தை மீட்க 12 ஆண்டு, அரசுக்கு 30 ஆண்டு. முப்பதுக்கு மேல் பழைய சிக்கல்கள் வலுவிழந்துவிடும் என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது. பாகப்பிரிவினை, உயில், ஜமீன் ஒழிப்பு என்று ஏதாவது குறுக்கிட்டிருந்தால் அதற்கும் பின்னால் போக வேண்டும். சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழித்த சட்டம் 1948இல் வந்தது, சிறு இனாம்களை ஒழித்தது 1963இல். அந்த நிலங்களுக்கு உரிமை அப்போதைய செட்டில்மென்ட் ஆணைகளிலிருந்துதான் கிளம்புகிறது.

சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டால்? 'அது தொலைஞ்சு போச்சு சார்' என்பது பதிலாகாது. பதிவான பத்திரம் என்றால் அதன் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். அசல் காணவில்லை என்றால் அது எங்காவது அடமானத்தில் இருக்கிறதா என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். அசலை ஒரு வங்கியில் கொடுத்துக் கடன் வாங்குவது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் அத்தகைய ஒப்படைப்பு ஒப்பந்தமும், கிரய ஒப்பந்தமும், நிலம் சார்ந்த பவர் பத்திரமும் கட்டாயப் பதிவுக்குள் வந்தன. அதற்கு முந்தையவை ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம்.

வில்லங்கச் சான்று அளவுக்குத் தவறாகப் படிக்கப்படும் தாள் வேறில்லை. குறிப்பிட்ட சர்வே எண்ணில், குறிப்பிட்ட காலத்தில், பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டுமே அது. பதிவே ஆகாத உயில் அதில் வராது. நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்று சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. வாய்மொழியாகப் பங்கு பிரித்துக்கொண்ட குடும்பத்தின் ஏற்பாடும், வீட்டில் குடியிருப்பவரின் வாடகை உரிமையும் அதில் இருக்காது. இன்னொரு பொறியும் உண்டு. தவறான எண்ணைக் கொடுத்துத் தேடினால் 'பதிவுகள் ஏதுமில்லை' என்றுதான் கணினி சொல்லும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிலம் சுத்தம் என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உட்பிரிவாகும் முன் இருந்த எண், நகர அளவைக்குப் பின் வந்த எண், சார்பதிவகம் பிரிக்கப்படும் முன் அந்தக் கிராமம் இருந்த அலுவலகம் என்று எல்லாக் கோணத்திலும் தேட வேண்டும். இணையத்தில் கிடைப்பது 1975 முதலான பதிவுகள். அதற்கு முன்னவற்றுக்கு அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப்போட வேண்டும்.

வரும் பட்டியலை வரிவரியாகப் படிப்பவர்களுக்கு அது ஒரு குடும்பத்தின் சரித்திரத்தையே சொல்லும். அடமானம் இருக்கிறது, அதைத் தீர்த்த ரசீது இல்லை. கிரய ஒப்பந்தம் ஒன்று போட்டிருக்கிறார்கள், ரத்து செய்யவில்லை. விற்றவர் சில ஆண்டு கழித்துத் தானே தனியாக வந்து அந்த விற்பனையை ரத்து செய்வதாக ஒரு பத்திரம் எழுதி, அதே நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒருதலையாகக் கிரயத்தை ரத்து செய்வது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்த வரி பட்டியலில் நிற்கும். இரண்டாவதாக வாங்கியவர் தானே உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டிருப்பார். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022இல் கொண்டுவரப்பட்ட 77-ஏ பிரிவை 2024இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. உரிமையை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை என்பதே அங்கும் அடிப்படை. மோசடியில் சிக்கியவருக்குக் கடைசியில் உரிமையியல் நீதிமன்றப் படிக்கட்டுதான்.

தாள்கள் எல்லாம் சரியாக இருந்து மனிதர்களால் கெடும் விற்பனைகள் அதிகம். அதிலும் பெண்களின் பங்கு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்விகச் சொத்தில் அப்போது திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் உரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்தத் தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் மட்டும் காப்பாற்றியது. ஆனால் கிராமத்து வழக்கம் சட்டத்தோடு சேர்ந்து நடக்கவில்லை. 'அக்காவுக்குக் கல்யாணத்துலயே நகை போட்டாச்சு' என்று சொல்லி அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது இன்றும் நடக்கிறது. நகை போட்டது, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்றிதழில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் கிரயப் பத்திரத்தில் இருக்க வேண்டும், அல்லது அவர் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். ஒரு வாரிசு மைனர் என்றால், அவருடைய சொத்தைத் தந்தையோ தாயோ நீதிமன்ற அனுமதியின்றி விற்றதை, மேஜரானபின் 3 ஆண்டுக்குள் அவர் எதிர்க்கலாம்.

பவர் பத்திரத்தின் கதையும் இதே போன்றது. பவர் கொடுத்தவர் இறந்தால், பொதுவாக அதோடு பவரும் முடிந்தது. பவர் ஏஜென்ட் விற்கும்போது கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்கும் நடைமுறை அதனால்தான் வந்தது. பவரையும் ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு நிலம் வாங்கிவிட்டதாக நினைப்பவர்களுக்கு 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கின் தீர்ப்பு போதும்: பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரின் மனையைப் பவர் மூலம் வாங்குகிறவர், அவரோடு ஒருமுறை காணொலியிலாவது பேசிவிடுவது நல்லது. ஆள்மாறாட்டம் பெரும்பாலும் உரிமையாளர் ஊரில் இல்லாத மனைகளைத்தான் தேடிப் போகிறது.

சில நிலங்கள் விற்பவரின் நேர்மையையும் மீறியவை. 1892இல், செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை அந்த மக்களைத் தவிர வேறெவரும் வாங்க முடியாது. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை கூடவே வருகிறது. பூமிதான நிலம், நிபந்தனையோடு ஒப்படைத்த அசைன்மென்ட் நிலம், 1961ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டத்தில் உபரியாக எடுக்கப்பட்ட நிலம் ஆகியவற்றையும் விசாரிக்காமல் தொடக் கூடாது. சென்னையைச் சுற்றி 1978ஆம் ஆண்டு நகர்ப்புற உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்துக்கொண்ட இடங்களைத் தெரியாமல் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். சட்டம் 1999இல் நீக்கப்பட்டது, அதற்கு முன் அரசு கையகப்படுத்தியவற்றின் சிக்கல் நீங்கவில்லை. கோயில் நிலம் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி அனுமதியின்றி விற்கப்பட்டால் செல்லாது. வக்ஃபு நிலத்துக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. 2022இல் திருச்சி மாவட்டம் திருச்செந்துறையில் ஒரு விவசாயி தன் 1.2 ஏக்கரை விற்கப் போனபோது, வக்ஃபு வாரியத்தின் தடையின்மைச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். தங்கள் நிலத்தின் மீது அப்படியொரு உரிமைகோரல் இருப்பது ஊர்க்காரர்கள் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடும் குறிப்புப் பத்தியும் இருக்கின்றன. ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம், பலர் படிப்பதில்லை.

அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விவசாய நிலத்தைக் கூறு போட்டு மனையாக விற்பதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் பதிவுத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கு 2017 விதிகளின்படி வரன்முறை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. அதற்குப் பின் உருவான அங்கீகாரமற்ற மனை மலிவாகக் கிடைத்தால் அதன் காரணமும் அதுதான். மனைப்பிரிவுகளை அங்கீகரிக்கும் டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. தந்த எண்ணை விளம்பரப் பலகையில் பார்த்ததோடு நிறுத்தாமல், அங்கீகரித்த வரைபடத்தில் அந்த மனை எண் இருக்கிறதா, அல்லது பூங்காவுக்கு ஒதுக்கிய இடமா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக நிலத்திலேயே போய் நிற்க வேண்டும். பத்திரத்தில் 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி. பட்டாவில் 2 ஏர்ஸ், அதாவது 2,153 சதுர அடி. இந்த வித்தியாசம் முழு எண்ணாக்கியதால் வந்தது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இடத்தில் அளந்தால் 1,900 என்றால் பக்கத்து வேலியைக் கேட்க வேண்டும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் இருக்கும் நான்கு எல்லைகளும், புலப்படத்தில் இருக்கும் கோடுகளும், தரையில் இருக்கும் கற்களும் ஒத்துப்போக வேண்டும். வழி இருக்கிறதா, அது யாருடைய நிலத்தின் மீது போகிறது என்பதையும் அங்கே நின்றுதான் தெரிந்துகொள்ள முடியும். பக்கத்து நிலத்துக்காரரிடம் பத்து நிமிடம் பேசினால், எந்த அலுவலகமும் தராத தகவல் வந்துவிழும்.

அரசே உரிமைக்கு உறுதி தரும் முறை உலகில் இல்லாமல் இல்லை. ராபர்ட் டாரன்ஸ் 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கி வைத்தது அது. இலங்கை 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்தின் வழியே அந்தத் திசையில் நகர்ந்தது. இந்தியாவில் பொருளாதார அறிஞர் டி.சி. வாத்வா 1980களின் இறுதியிலேயே இதைப் பரிந்துரைத்தார். ஆந்திரம் 2022இல் நில உரிமைச் சட்டம் இயற்றியது. தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே அதிகாரிகளே தீர்ப்பார்கள் என்ற ஏற்பாடு தேர்தல் பிரச்சினையாகி, 2024இல் புதிய அரசு அதைத் திரும்பப் பெற்றது. யோசனை நல்லதுதான். பிழை மலிந்த பதிவேட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு இறுதித்தன்மை கொடுத்தால், யு.டி.ஆரில் பெயர் போனவர் நிரந்தரமாகவே நிலத்தை இழப்பார். முதலில் மறு அளவை, பிறகு திருத்தம், அதன் பின்னரே உத்தரவாதம் என்ற வரிசையில் வந்தால்தான் அது மக்களுக்கு உதவும்.

அதுவரை தேடும் வேலை வாங்குகிறவருடையது. வங்கி கடன் தர ஒப்புக்கொண்டது என்பதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். வங்கி பார்ப்பது தன் கடன் திரும்புமா என்பதை. விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞரை விட்டு, தனக்கென ஒருவரைப் பிடித்துச் சட்டக் கருத்தை எழுத்தில் வாங்க வேண்டும். தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பட்டா வரை எல்லாவற்றின் நகலையும் முன்பணத்துக்கு முன்பே கேளுங்கள். நகல் தரத் தயங்கும் இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.